பாம்பன் நாட்டுப் படகில் ஜீப் எஞ்சின்

மச்சானின் நாட்டுப் படகில் இருந்த இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கொன்றது உப்பு. கடல்நீரை நேராக உறிஞ்சி, பிளாக்குக்குள் சுற்றவிட்டு, வெளியே கொட்டும் பழைய ஏற்பாடு அது. சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்புச் சுவர் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வந்தது வெளியே தெரியவில்லை. ஆயில் பால் நிறத்துக்கு மாறியபோது பிளாக் ஓட்டையாகிவிட்டிருந்தது. புதிதாக ஒரு கடல் எஞ்சின் வாங்கும் விலை மச்சானுக்குக் கட்டுப்படியாகாது. விற்பனைக்கு வந்த பழைய கடல் எஞ்சின்களும் இதே உப்பைக் குடித்து வளர்ந்தவைதாம்.

நான் ராமநாதபுரம் பக்கம் ஜீப்பும் டிராக்டரும் பழுதுபார்க்கிறவன். “மாப்பிள்ளை, உன் பட்டறையில் இருக்கும் ஜீப் எஞ்சின் ஒன்றை ஏற்றிப் பார்க்கலாமா?” என்று மச்சான் கேட்டார். தரையில் ஓடிய எஞ்சினைக் கடலில் இறக்குவது புதிய காரியமல்ல. நம் கரையின் விசைப்படகுகளில் லேலண்ட் லாரி எஞ்சினின் உறவினர்கள்தாம் ஓடுகின்றன. தாய்லாந்தின் நீள்வால் படகுகளில் கார், லாரி எஞ்சின்களை அப்படியே ஏற்றி ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் செவர்லே கார்களின் 5.7 லிட்டர் வி8 எஞ்சின்தான் பல பத்தாண்டுகள் விசைப்படகுகளின் அடிப்படையாக இருந்தது. ஃபோர்டு லாரியின் 6.2 லிட்டர் டீசலைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றி, ‘ஃபோர்டு லேமன்’ என்ற பெயரில் விற்றார்கள். அது இன்றும் பல படகுகளில் ஓடுகிறது. இவை எல்லாவற்றிலும் மாறாமல் நிற்பது எஞ்சினின் உட்புறம். அதைச் சுற்றியுள்ள குளிரூட்டல், புகைப்போக்கி, கியர்பாக்ஸ், தாங்குகட்டைகள் எல்லாம் வேறாகிவிடும். வேலையும் செலவும் அங்கேதான். எஞ்சின் கையில் கிடைத்துவிட்டால் பாதி முடிந்தது என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெட்ரோல் எஞ்சின் பேச்சுக்கு ஒரு முடிவு. மலிவாகக் கிடைக்கிறது, சத்தம் குறைவு என்று பழைய காரின் பெட்ரோல் எஞ்சினைச் சிலர் மச்சானுக்குச் சிபாரிசு செய்தார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் அது கீழே இறங்கிச் சாலையோடு போய்விடும். படகில் இறங்கினால் அடிப்பள்ளத்தில் தங்கிவிடும். காரின் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றும் ஓடும்போது உள்ளே பொறி விடுகிறவை. கடலுக்கென்று செய்த பெட்ரோல் எஞ்சினில் இந்தப் பாகங்களிலிருந்து பொறி வெளியேறாதபடி மூடியிருப்பார்கள், கார்புரேட்டர் வழிந்தாலும் பெட்ரோல் வெளியே சிந்தாது, காற்று வாயில் சுடர்த்தடுப்பு வலை இருக்கும், ஸ்டார்ட் செய்வதற்கு முன் அடிப்பள்ளத்துக் காற்றை வெளியேற்ற ஊதுவிசிறி இருக்கும். இவை எதுவும் இல்லாத கார் எஞ்சினை மூடிய பெட்டிக்குள் வைத்து, அதன் மேல் நான்கு பேர் உட்கார்ந்து கடலுக்குப் போவதை என்னால் ஏற்க முடியாது. டீசல் இல்லையென்றால் இந்த வேலையையே எடுத்திருக்க மாட்டேன்.

தேர்ந்தெடுத்தது மகிந்திரா கமாண்டர் ஜீப்பின் நேரடி உட்செலுத்தல் டீசல். நான்கு சிலிண்டர், 88.9 மில்லிமீட்டர் துளை, 101.6 மில்லிமீட்டர் வீச்சு, 2523 சிசி. டிராக்டர் வம்சத்து எஞ்சின் அது. இரும்பு பிளாக், இரும்பு ஹெட், மின்னணு மூளை எதுவும் கிடையாது. டீசல் பம்புக்கு ஒரு கம்பி, ஸ்டார்ட்டருக்கு ஒரு கம்பி இருந்தால் ஓடும். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். குறைந்த சுற்றிலேயே இழுவை தருவது படகுக்குப் பெரிய வசதி.

இதன் திறன் சுமார் 60 குதிரை. அந்த அறுபதையும் கேட்கக் கூடாது என்பதுதான் இந்த வேலையின் அடித்தளம். சமவெளியில் ஓடும் ஜீப்புக்குத் தேவைப்படுவது எஞ்சின் திறனில் ஒரு பங்குதான்; இறக்கத்தில் அதுவும் வேண்டாம். படகு அப்படியல்ல. கரையை விட்டதிலிருந்து திரும்பும்வரை முடிவில்லாத மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கும் வண்டி அது. வாகன எஞ்சினை அதன் உச்சத்தில் மணிக்கணக்கில் ஓட்டினால் பிஸ்டனும் வால்வும் தாங்காது.

படகுக்கு எவ்வளவு வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். நீர்மட்டத்தில் படகின் நீளம் 25 அடி. இந்த மாதிரி தண்ணீரைப் பிளந்து போகும் படகின் இயல்பான வேக எல்லை, நீள அடியின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வரும். 25க்கு வர்க்கமூலம் 5; எல்லை 6.7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 12.4 கிலோமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு குதிரையைக் கொட்டினாலும் படகு தன் அலையிலேயே ஏறி நின்று டீசலைக் குடிக்குமே தவிர ஓடாது. அந்த வேகத்துக்கு 25 குதிரை தாராளம். எனவே எஞ்சினை நிமிடத்துக்கு 2400 சுற்றோடு நிறுத்துவதென்று முடிவு செய்தேன். அந்தச் சுற்றில் இது நாற்பதுக்கு மேல் தரக்கூடியது. நாம் கேட்பது 25. மீதி எல்லாம் ஆயுளுக்கு.

இந்த முடிவிலிருந்து கியர்பாக்ஸ் தானாகவே வந்தது. பழைய எஞ்சின் 1500 சுற்றில் ஓடி, 2:1 கியர் வழியாக, 22 அங்குல விட்டமும் 14 அங்குலப் பிட்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கொண்ட வெண்கல புரொப்பெல்லரை 750 சுற்றில் சுற்றியது. அது நல்ல புரொப்பெல்லர், ஷாஃப்டும் நேராக இருந்தது. இரண்டையும் மாற்றாமல் எஞ்சினை அவற்றுக்குப் பொருத்துவதே அறிவு. 2400ஐ மூன்றால் வகுத்தால் 800. ஒரு சுற்றுக்கு 14 அங்குலம் என்றால் நிமிடத்துக்கு 933 அடி, அதாவது 9.2 நாட். தண்ணீரில் புரொப்பெல்லர் வழுக்குவதற்கு நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கழித்தால் படகின் 6.7 நாட் எல்லைக்கு அருகில் வந்து நிற்கிறது. கணக்கு இப்படிப் பொருந்தி வந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மச்சான் புரிந்துகொள்ளவில்லை. அவர் கவலை வேறு.

“ஜீப்பின் கியர்பாக்ஸ் கூடவே இருக்கிறதே, அதையே வைத்தால் என்ன?” என்றார். பலரும் கேட்பது இது. ஜீப்பின் டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று, சுற்றைக் குறைக்காது. கீழ்க் கியரில் குறைக்கும். ஆனால் அந்தப் பற்கள் நாள் முழுவதும் சுமை தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. அதைவிட முக்கியமான காரணம் உந்துவிசை. புரொப்பெல்லர் படகைத் தள்ளுகிறதென்றால், அந்தத் தள்ளல் முழுவதும் ஷாஃப்ட் வழியாக முன்னோக்கி வந்து எதன் மீதோ மோத வேண்டும். கடல் கியர்பாக்ஸில் அதற்கென்றே திரஸ்ட் பேரிங் உண்டு. ஜீப் கியர்பாக்ஸில் அந்த வேலைக்கு ஆளில்லை. பேரிங் சிதறிப் பல் கழன்றுவிடும். ஆகவே 3:1 கடல் கியர்பாக்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்கிப் பிரித்துச் சரிபார்த்தோம். வாங்குமுன் சுழலும் திசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னோக்கிய கியரில் ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்கத்துப் புரொப்பெல்லர்தான் வேண்டும். பின்னோக்கிய கியரையே நிரந்தரமாக முன்னோட்டத்துக்குப் பயன்படுத்த எல்லாக் கியர்பாக்ஸும் இடம் தராது.

எஞ்சினின் பெல் ஹவுசிங்குக்கும் கியர்பாக்ஸ் முகத்துக்கும் போல்ட் துளைகள் பொருந்தாது. இடையில் 20 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்றை லேத் பட்டறையில் கடைந்தோம். கிளட்ச்சைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலில் ஸ்பிரிங் வைத்த டேம்பர் தட்டு ஏறியது. இது இல்லாவிட்டால் டீசல் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் சுத்தியல் அடியாகக் கியர் பற்களில் இறங்கும். தகட்டின் நடுத் துளை கிராங்க் மையத்தோடு ஒத்திருக்கிறதா என்று டயல் கேஜை ஃப்ளைவீலில் கட்டிச் சுற்றிப் பார்த்தோம். முள் 0.1 மில்லிமீட்டருக்குள் நின்ற பிறகுதான் ஊசித் துளைகள் போட்டுப் பூட்டினோம். லேத்காரர் பொறுமையானவர், இந்த இடத்தில் அவசரப்படுகிறவரிடம் வேலை கொடுக்கக் கூடாது.

இனிக் குளிரூட்டல். இதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன், ஏனென்றால் பழைய எஞ்சின் செத்தது இதனால். பிளாக்குக்குள் கடல்நீர் ஒரு சொட்டும் போகக் கூடாது. கூலன்ட் கலந்த நல்ல நீர் மட்டும் உள்ளே சுற்ற வேண்டும், அதன் சூட்டைக் கடல் வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, குழாய்க் கட்டு கொண்ட வெப்பமாற்றிக்குள் கடல்நீரைப் பம்ப் மூலம் செலுத்துவது. இன்னொன்று, எஞ்சின் நீரையே படகுக்கு வெளியே, ஏராவை (படகின் அடிமரத்தை) ஒட்டி ஓடும் குழாய்களுக்குள் அனுப்பி, கடலில் முக்கிக் குளிரவைத்துத் திருப்பிக்கொள்வது. முதல் வழி அடக்கமானது, பலரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் எங்கள் வடகடல் (பாக் விரிகுடா) ஆழம் குறைந்தது, சேறும் கடற்புல்லும் நிறைந்தது. உறிஞ்சுவாயில் புல் அடைத்தால் பம்ப் வறண்டு ஓடும். அதன் ரப்பர் இம்பெல்லர் வறட்சியைக் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது, கிழிந்துவிடும். வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது யார் அதைக் கவனிப்பார்கள்? படகைக் கரை மணலில் ஏற்றும் ஊராக இருந்தால் அடிக்குழாய் நசுங்கும், வெப்பமாற்றியே சரி. மச்சானின் படகு நங்கூரமிட்டு மிதப்பிலேயே நிற்பது. அடிக்குழாயைத் தேர்ந்தோம்.

எவ்வளவு குழாய் என்பதற்கும் கணக்கு உண்டு. 25 குதிரை என்பது 18.6 கிலோவாட். ஏறக்குறைய அதே அளவு வெப்பம் குளிர்நீருக்குப் போகும். நீர்ச்சட்டையிட்ட புகை மேனிஃபோல்டின் (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாயின்) சூட்டையும் சேர்த்து 25 கிலோவாட் என்று வைத்தேன். கோடையில் இங்கே கடல்நீர் 30 டிகிரிக்குக் குறையாது. எஞ்சின் நீர் 75 டிகிரி என்றால் வித்தியாசம் 45. ஒரு சதுர மீட்டர் குழாய்ப் பரப்பு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 600 வாட் கடத்தும் என்று எடுத்தால் சுமார் 0.93 சதுர மீட்டர் வருகிறது. 42 மில்லிமீட்டர் வெளிவிட்டக் குழாயில் அது ஏழு மீட்டர். எட்டு மீட்டர் போட்டோம். ஏராவின் இடப்புறம் நான்கு, வலப்புறம் நான்கு. ஒரே நீளமாக இணைக்காமல் இரண்டையும் பக்கவாட்டில் பிரித்து இணைத்ததற்குக் காரணம், ஜீப்பின் வாட்டர் பம்ப் நிறைய நீரைத் தள்ளும், ஆனால் எதிர்ப்பை மீறித் தள்ளும் வலு அதற்குக் குறைவு.

குழாய் தாமிர நிக்கல் கலவை, 90க்கு 10. பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கடல் கரைத்தெடுத்துவிடும். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நீர் தேங்கும் சந்துகளில் புள்ளி புள்ளியாக அரிக்கும். குழாய்களைப் பிடிக்கும் கவ்விகளுக்கு அடியில் ரப்பர் வைத்து, இரும்பு ஆணி எதுவும் தொடாதபடி செய்தோம். வெளியே ஒரு மரச் சட்டம் அடித்து, கல்லில் உரசினாலும் சட்டம்தான் தேயும்படி படகு கட்டும் ஓடாவி அமைத்துக் கொடுத்தார். உடம்பில் நான்கு துளைகள், ஒவ்வொன்றுக்கும் வெண்கல வால்வு, பின்னால் மரத் தாங்குப் பலகை. துளையிட்ட இடங்களைச் சுற்றிக் கலப்பத்துப் பார்ப்பதற்குள், அதாவது சந்துகளை நார் வைத்து அடைப்பதற்குள், ஓடாவி என்னை இரண்டு தடவை திட்டினார். தம் கையால் செய்த படகில் ஓட்டை போடுவதை யார்தான் பொறுப்பார்கள்? கடல் அரிப்புக்குப் பலிகொடுக்கத் துத்தநாகக் கட்டிகளையும் கட்டினோம், அளவோடு. மரப்படகில் துத்தநாகம் மிகுந்தால் உலோகத்தைச் சுற்றியுள்ள மரம் வெளுத்துப் பஞ்சாகிவிடும்.

புகை மேனிஃபோல்டும் அப்படியே விடத் தக்கதல்ல. ஜீப்பில் முன்னிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். மரப்பெட்டிக்குள் காய்ந்த இரும்பு அனல் வீசினால் மரம் கருகும். இரட்டைச் சுவர்க் குழாயாக ஒன்றை வெல்டிங்கில் செய்து, இரண்டு பார் அழுத்தத்தில் நீர் விட்டுச் சோதித்து, எஞ்சினின் நல்ல நீர்ச் சுற்றோடு இணைத்தோம். அதற்கு மேல் புகைப்போக்கி செங்குத்தாக, உலர்ந்தபடியே போகிறது. அதில் கண்ணாடியிழைக் கயிறு சுற்றினோம். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு கடையில் இன்னும் தருவார்கள். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. கயிறு விற்பவரிடம் இதைச் சொல்லிவிட்டு வந்தேன், நீங்களும் சொல்லுங்கள்.

ரேடியேட்டர் இல்லாததால் விசிறியைக் கழற்றிவிட்டோம். பக்கத்தில் கூலன்ட் தொட்டி ஒன்று எஞ்சினைவிட உயரத்தில் நிற்கிறது. ஷாஃப்ட் பின்னோக்கிச் சரிந்திருப்பதால் எஞ்சினின் முன்பக்கம் உயர்ந்து நிற்கும். தெர்மோஸ்டாட் இருக்கும் இடமே மிக உயரமாக அமைந்தது நல்லதாயிற்று. அங்கிருந்து சிறு குழாய் ஒன்றைத் தொட்டிக்கு இழுத்தால் காற்று தானாக வெளியேறிவிடுகிறது. இதே சரிவு ஆயிலையும் பாதிக்கும். ஆயில் எல்லாம் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பின் பின்மூலைக்குப் போகும், அளவுக்கம்பி தவறாகக் காட்டும். கையேட்டில் சொன்ன அளவு ஆயிலை ஊற்றி, படகில் சரிந்த நிலையிலேயே கம்பியில் புதிய கோடு அரத்தால் போட்டோம். பிளாக்கின் நீர்த்துளைகளை அடைக்கும் கோர் பிளக்குகளில் இரும்பு மூடிகளைக் கழற்றிப் பித்தளை மூடிகள் வைத்தோம். இவற்றைத் தொடுவது கடல்நீர் அல்ல, நல்ல நீர்தான். சம்ப்பின் தகரத்தைச் சுத்தம் செய்து எபாக்ஸி பூசினோம், அடிப்பள்ளத்து உப்புநீர் அதைத்தான் முதலில் தின்னும்.

டீசல் பம்பில் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரைப் பற்றிப் பெரும்பாலோர் நினைப்பதில்லை. சாலையில் ஓடும் வண்டியின் கவர்னர் பல சமயம் மிகக் குறைந்த சுற்றையும் மிக உயர்ந்த சுற்றையும் மட்டும் காக்கும். இடைப்பட்டதை ஓட்டுநரின் கால் பார்த்துக்கொள்ளும். படகில் கால் கிடையாது. வாடைக் காற்றில் பின்பக்கம் தூக்கி, புரொப்பெல்லர் நீருக்கு மேலே வந்தால் சுமை சட்டென்று போய்விடும், சுற்று எகிறும், மறுபடி நீரில் விழும்போது கியர்பாக்ஸ் அதிரும். எந்தச் சுற்றிலும் தானே பிடித்து நிறுத்தும் டிராக்டர் வகைக் கவர்னர் வேண்டும். பம்ப் கடையில் அதற்கேற்ப அமைத்து, உச்சச் சுற்றை 2400க்குப் பூட்டி, திருகின் மேல் முத்திரை வைத்துவிட்டோம். முத்திரையை உடைக்க மாட்டேன் என்று மச்சான் சொல்லியிருக்கிறார்.

தாங்குகட்டைகள் வேங்கையில், பழையவற்றைவிட நீளமாகப் போட்டோம். புரொப்பெல்லரின் தள்ளல் கியர்பாக்ஸிலிருந்து தாங்கிகள் வழியாக இந்தக் கட்டைகளுக்கும், அவற்றிலிருந்து படகின் விலாக்களுக்கும் பரவ வேண்டும். ஜீப்பின் மெத்தென்ற ரப்பர் தாங்கிகள் இதற்கு ஆகாது. தள்ளலில் முன்னோக்கிச் சாய்ந்துவிடும்.

ஷாஃப்ட் நேர்ப்படுத்தலை கரையில் செய்தால் அது பாதி வேலைதான். கட்டைகள் மீது நிற்கும் மரப்படகுக்கு ஒரு வடிவம், நீரில் மிதக்கும்போது வேறு வடிவம். படகை இறக்கி, மரம் ஊறி அமைதியான பிறகு, இரண்டு கப்ளிங் முகங்களையும் ஒட்டவைத்து, மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு இடத்திலும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம். நான்கு அங்குல முகத்துக்கு 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம்தான் அனுமதி. முன் தாங்கியில் தகட்டுத் துண்டு, பின் தாங்கியில் பாதி சுற்று என்று அந்தி சாயும்வரை போனது. இதைச் சலிப்போடு செய்தால் ஷாஃப்ட் வெளியேறும் இடத்துக் கிளாண்ட் ஒழுகும், பேரிங் தேயும், படகு முழுவதும் நடுங்கும்.

காற்றையும் மறக்கக் கூடாது. இந்த எஞ்சின் 2400 சுற்றில் நிமிடத்துக்கு மூன்று கன மீட்டர் காற்றை மூச்சிழுக்கிறது. பெட்டியின் முன்பக்கம் கீழே ஒரு திறப்பும் பின்பக்கம் மேலே ஒரு திறப்பும் ஓடாவி வைத்தார், அலை தெறித்தால் உள்ளே விழாதபடி மறைப்போடு.

பாம்பன் பக்கம் தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) ஓட்டிப் பார்த்தோம். முழுச் சுற்றில் 6.5 நாட் அருகே வந்தது, வெப்பமானி 80 டிகிரியைத் தாண்டவில்லை. எங்கள் கவனமெல்லாம் படகு நின்றிருக்கும்போது என்ன ஆகும் என்பதில்தான் இருந்தது. வலை இழுக்கும் நேரத்தில் குழாய்களின் மேல் நீர் ஓடாது, குளிர்ச்சி குறையும். எஞ்சினை 1000 சுற்றில் வைத்து நெடுநேரம் நிறுத்திப் பார்த்தோம். சுமை இல்லாததால் சூடு ஏறவில்லை. கியரில் போட்டு, கயிற்றில் கட்டி, 1800 சுற்றில் இழுக்கவைத்தபோதும் 84க்குள் நின்றது.

டீசல் விஷயத்தில் மச்சானுக்கு மகிழ்ச்சி. புரொப்பெல்லர் கேட்கும் திறன் சுற்றின் கனத்தோடு மாறும். 2400 சுற்றில் 25 குதிரை என்றால் 2000 சுற்றில் 14, 15 போதும். கணக்குப்படி முழுச் சுற்றில் மணிக்கு ஐந்தரை லிட்டர், 2000இல் மூன்று லிட்டருக்குச் சற்று மேல். தொட்டியில் குச்சி விட்டு அளந்ததும் அதை ஒட்டியே வந்தது. வேகத்தில் இழப்பது ஏறக்குறைய ஒரு நாட். மீன்பாட்டுக்குப் போகும்போது 2000, ஏலத்துக்கு நேரமாகும்போது மட்டும் 2400 என்று இப்போது ஓட்டுகிறார்.

எஞ்சின் எண் மாறியதால் மீன்வளத் துறைப் பதிவிலும் அதை மாற்ற வேண்டும். வரிவிலக்கு டீசல் அந்தப் பதிவை வைத்துத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறுவதால் லேத் பட்டறையும் ஓடாவியும் கிடைக்க மாட்டார்கள். இப்படி ஒரு வேலை வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவது நல்லது. படகை அடுத்து ஏற்றும்போது துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும், ஏரா ஓரக் குழாய்களில் ஒட்டிய சிப்பிகளை மரக்கத்தியால் சுரண்ட வேண்டும். அதற்குள் ஆயில் அழுத்தம் குறைந்தால் அலறும் மணி ஒன்றையும் பொருத்தியாக வேண்டும். ஒயர் இழுத்து வைத்திருக்கிறேன், மணி வாங்க வேண்டியதுதான் பாக்கி.